ஆவி சமையல்: இட்லிப் பானை ஒன்றே போதும்

எங்கள் ஆச்சி இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றியதும் ஒரு பழைய நாணயத்தைக் கழுவி உள்ளே போடுவாள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் அது அடியில் கடகடவென்று ஆடும். ஆச்சி அடுப்புப் பக்கம் திரும்பாமலே சட்னி அரைத்துக்கொண்டிருப்பாள். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். "சத்தம் நின்னா உடனே வந்து சொல்லுட்டி" என்று என்னை அடுப்படியில் உட்கார வைத்துவிட்டுத்தான் கொல்லைக்குப் போவாள். சமையலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்தச் சத்தத்துக்குக் காவல் இருந்தது.

இன்று ஆவியில் சமைக்க வேண்டும் என்றதும் பலர் மின்சார ஸ்டீமர் வாங்கப் பார்க்கிறார்கள். உப்பு, உறைப்பு இல்லாத பத்தியச் சாப்பாடு என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். இட்லி ஊற்றுகிறோம், இடியாப்பம் பிழிகிறோம், கொழுக்கட்டை பிடிக்கிறோம், புட்டு அவிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி வினைச்சொல் வைத்திருக்கும் அளவுக்கு நமக்குப் பழகிய சமையல் இது. ஆனால் மாவுப் பண்டங்களோடு நிறுத்திவிடுகிறோம். அதே பானையில் காய், பருப்பு, முட்டை, மீன் எல்லாம் வெந்து ஒரு முழுச் சாப்பாடு ஆகும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஆவி எப்படி வேக வைக்கிறது

ஒரு கிராம் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கலோரி வெப்பம் போதும். 100 டிகிரியில் கொதிக்கும் அதே ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக மாற சுமார் 540 கலோரி வேண்டும். அந்த வெப்பத்தை ஆவி சுமந்துகொண்டு மேலே வருகிறது. இட்லி மாவின் மேல் பட்டுக் குளிர்ந்து மறுபடி நீராகும்போது, சுமந்து வந்த வெப்பம் முழுவதையும் மாவில் இறக்கிவிடுகிறது. அதனால்தான் பத்து நிமிடத்தில் இட்லி வெந்துவிடுகிறது. கொதிநீர் பட்ட காயத்தைவிட ஆவி பட்ட காயம் கடுமையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

சத்து விஷயத்துக்கு வருவோம். வைட்டமின் சி-யும் பி வகை வைட்டமின்களும் தண்ணீரில் கரைபவை. காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அவற்றில் ஒரு பகுதி வடிநீரோடு சாக்கடைக்குப் போகிறது. ஆவியில் காய் தண்ணீரில் மூழ்குவதே இல்லை என்பதால் இழப்பு குறைவு. பீட்ரூட்டை இரண்டு முறையிலும் வேகவைத்துப் பாருங்கள். தண்ணீரில் போட்டால் தண்ணீர் ரத்தச் சிவப்பாகிறது, காய் வெளுக்கிறது. ஆவியில் வைத்தால் நிறம் காயிலேயே நிற்கிறது.

ஊட்டி போன்ற மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியின் சூடும் அவ்வளவுதான். நான் கீழே சொல்லும் நேரத்தோடு சில நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாத்திரம்

இட்லிப் பானை இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். இட்லித் தட்டை எடுத்துவிட்டு, துளை போட்ட தட்டை வைத்தால் அதுவே காய் வேகவைக்கும் பானை. பானை இல்லாதவர்கள் குக்கரைப் பயன்படுத்தலாம், ஆனால் வெயிட் போடக் கூடாது. வெயிட் போட்டால் உள்ளே சூடு 120 டிகிரி வரை ஏறும். அது வேறு சமையல், இந்த நேரக் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. குக்கரும் இல்லையா? அடி கனமான வாணலியில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு பிரிமணை வைத்து, மேலே சல்லடைத் தட்டை வைத்து, ஆவி வெளியே போகாத மூடியால் மூடினால் வேலை நடக்கும்.

யாழ்ப்பாணத்தில் பனை ஓலையில் கூம்பு வடிவமாகப் பின்னிய நீத்துப்பெட்டியில் பிட்டு அவிப்பார்கள். கீழே பானையில் தண்ணீர் கொதிக்கும், அதன் வாயில் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஓலை அதிக ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் பிட்டு உதிரி உதிரியாக வரும், மெல்லிய ஓலை வாசமும் ஏறும். எங்கேயாவது கிடைத்தால் வாங்கி வையுங்கள். எந்த உலோகப் பாத்திரமும் அந்த வாசத்தைத் தராது.

தட்டில் விரிப்பது மெல்லிய பருத்தித் துணியாகவோ வாழை இலையாகவோ இருக்கட்டும். துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரித்து இட்லி ஊற்றும் பழக்கம் சில கடைகளில் புகுந்து, 2025-இல் கர்நாடக அரசு அதைத் தடை செய்யும் நிலை வந்தது. வீட்டில் அந்தப் பழக்கம் நுழையவே வேண்டாம்.

தண்ணீர், தீ, மூடி

எல்லாப் பண்டத்துக்கும் பொதுவான முறை இது. இதில் கை பழகிவிட்டால் மீதி எல்லாம் எளிது.

1. தண்ணீர் இரண்டு அங்குலம் இருக்கட்டும். கொதிக்கும்போது துள்ளி வந்து தட்டைத் தொடாத அளவுக்கு இடைவெளி வேண்டும். தொட்டால் அடித்தட்டு இட்லி சொதசொதவென்று ஆகிவிடும்.

2. முதலில் ஆவி வரட்டும், அப்புறம் பொருளை வையுங்கள். பச்சைத் தண்ணீரில் பானையை ஏற்றி, அப்போதே தட்டையும் வைத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தண்ணீர் சூடாகும் அந்த ஐந்தாறு நிமிடமும் மாவு வேகாமல் வெதுவெதுப்பில் கிடந்து தட்டையாகும், காய் வதங்கும், எத்தனை நிமிடம் வெந்தது என்ற கணக்கும் தப்பிப்போகும். மூடி ஓரத்தில் புகை போலக் கிளம்பி வர வேண்டும். அதுதான் ஆரம்பம்.

3. ஆவி சுற்றி வர இடம் கொடுங்கள். காயைத் தட்டில் மலை போலக் குவித்தால் ஓரம் குழையும், நடு பச்சையாக நிற்கும். ஒரு அடுக்கு, மிஞ்சினால் ஒன்றரை அடுக்கு. துளைகளை முழுக்க அடைக்காதீர்கள்.

4. மூடியில் ஒரு துணியைக் கட்டுங்கள். மூடியின் உட்புறம் திரளும் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துதான் இட்லி மேல் குழி விழுகிறது, கொழுக்கட்டை பிசுபிசுக்கிறது. துணியின் நான்கு முனைகளையும் மூடிப் பிடியின் மேல் முடிச்சுப் போட்டுவிடுங்கள். தொங்கினால் நெருப்புப் பிடிக்கும்.

5. தீ நடுத்தரத்துக்குச் சற்று மேல். விடாமல் ஆவி வந்தால் போதும். முழுத் தீ வைத்தால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். கொதிக்கும் தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது.

6. நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள். முகத்தை நேரே கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை அவசரத்தில் மூடியை நேராகத் தூக்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளத்தோடு ஒரு வாரம் இருந்திருக்கிறேன். குழந்தைகள் அடுப்படியில் இருந்தால் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் திறங்கள்.

நாணயம் போடுவது இன்றைக்கும் செல்லும். ஒரு சுத்தமான எவர்சில்வர் துண்டோ கழுவிய கூழாங்கல்லோ போட்டாலும் அதே வேலையைச் செய்யும். இருபது நிமிடத்துக்கு மேல் வேகும் கிழங்கு வகைகளுக்கு இது கட்டாயம் வேண்டும். வற்றினால் கொதிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்றுவிடும்.

இட்லி: வெறும் அரிசியோடு நிற்க வேண்டாம்

நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு வெள்ளை உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசி நான்கு ஐந்து மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு இரண்டு மணி நேரம் போதும். உளுந்தைக் குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள். கிரைண்டர் சூடேறினால் மாவு பொங்காது. ஒரு துளி உளுந்து மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் அது மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும். அரிசி ரவை பதத்துக்கு வந்தால் சரி. உப்புப் போட்டு, கையாலேயே அடியிலிருந்து கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடி வையுங்கள். வெயில் காலத்தில் 8 மணி நேரம், மார்கழியில் 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களில் முக்கியமானது லூக்கோநாஸ்டாக். அது விடும் கரியமில வாயுவை உளுந்தின் பசை பிடித்து வைத்துக்கொள்கிறது. பொங்கிய மாவைப் போட்டுக் கலக்கினால் அந்தக் காற்றெல்லாம் போய்விடும். மேலாக ஒரு கரண்டி எடுத்து ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

ஆவி வந்த பானையில் 8 முதல் 10 நிமிடம். ஈரக் கத்தி முனையை நடுவில் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஈரக் கரண்டியால் எடுங்கள்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை விரித்த நீளமான மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மணிக்கணக்கில் அவிக்கிறார்கள். அந்த இட்லி தடிமனானது, ஆவி நடு வரை போய்ச் சேர அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. வீட்டில் டம்ளரில் ஊற்றினால் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இட்லியில் எண்ணெய் இல்லை, செரிமானம் எளிது, காய்ச்சல்காரருக்கும் கொடுக்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் ஆவி மாவுச்சத்தைக் குறைப்பதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர் 'ஆவியில் வெந்ததுதானே' என்று ஆறு இட்லி சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் அரிசிக்குப் பதில் சாமை அல்லது வரகு, மூன்று பங்குக்கு ஒரு பங்கு உளுந்து. இட்லி கொஞ்சம் நிறம் மங்கலாக வரும், ருசியில் குறையில்லை. அதிலும் எண்ணிக்கையைக் குறைத்து, பருப்பும் காயும் நிறைந்த சாம்பாரைக் கூட்டினால்தான் அது நல்ல சாப்பாடு.

கேழ்வரகுப் புட்டு: கையில் இருக்கிறது பதம்

புட்டுக்கு அளவு சொல்வதைவிடப் பதம் சொல்வது நல்லது. இரண்டு கப் கேழ்வரகு மாவை வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து ஆறவிடுங்கள். முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பைக் கரைத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒரு கையால் தெளித்தபடியே மறுகை விரல் நுனிகளால் மாவைப் பிசிறுங்கள். பிசையக் கூடாது. முதலில் மாவு புழுதி போலப் பறக்கும். பிறகு விரலிடுக்கில் சின்னச் சின்ன மணிகளாகத் திரளும். அந்த நேரம் நிறமும் சாம்பலிலிருந்து செம்மண் போல மாறும். ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள், உருண்டையாக நிற்க வேண்டும். அதையே கட்டை விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டை நிற்கவில்லையென்றால் இன்னும் தெளியுங்கள். உதிரவில்லையென்றால் ஒரு கை மாவு சேர்த்து, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுங்கள். தண்ணீர் மிச்சமிருந்தால் இருக்கட்டும், மாவு கேட்கும் அளவு போதும்.

பத்து நிமிடம் மூடி வைத்தபின், துணி விரித்த தட்டில் அழுத்தாமல் பரப்பி 10 நிமிடம் அவியுங்கள். புட்டுக் குழல் இருந்தால் மாவு, தேங்காய், மாவு என்று அடுக்கலாம். குழலின் மேல் துளையில் ஆவி வந்த பிறகு மூன்று நான்கு நிமிடம் போதும். தேங்காய்த் துருவல், ஏலம், கொஞ்சம் கருப்பட்டி சேர்த்துச் சாப்பிடலாம். நான் பயறு சுண்டலோடு உறைப்பாகச் சாப்பிடுவேன், பசி அடங்க அதுதான் நல்லது.

காய்களும் கிழங்குகளும்

எல்லாக் காயையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக எடுக்க முடியாது. கடினமானதை முதலில், மென்மையானதைப் பிறகு. நறுக்கும் துண்டுகள் ஒரே அளவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கீரை 2 முதல் 3 நிமிடம். பச்சைப் பட்டாணியும் முட்டைக்கோசும் 5 நிமிடம். பீன்ஸ், காலிஃபிளவர் 6 முதல் 8. கேரட் வட்டங்கள் 8. பீட்ரூட் துண்டுகள் 12 முதல் 15. சர்க்கரைவள்ளிக்கிழங்கு துண்டுகளாக 12 முதல் 15, முழுதாக வைத்தால் அரை மணி நேரம் வரை. பச்சைக் காய்கள் 7 நிமிடத்தைத் தாண்டினால் நிறம் மங்கத் தொடங்கும். கத்தி முனை சற்றுத் தடையோடு இறங்கும்போதே எடுத்துவிடுங்கள். தட்டில் இருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும்.

உப்பை வெந்த பிறகு தூவுங்கள். முன்னால் போட்டால் காய் நீர் விட்டுவிடும். அப்புறம் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ப்பூ தூவினால் அதுதான் பொரியல். எண்ணெயை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அந்த ஒரு தேக்கரண்டி அதற்குப் போதுமானது.

பருப்பு, முட்டை, மீன்

சாப்பாட்டுக்குப் புரதம் இங்கிருந்து வரும். அரை கப் துவரம்பருப்பும் கால் கப் கடலைப்பருப்பும் ஒன்றரை மணி நேரம் ஊறட்டும். நன்றாக வடித்து, நாலு வரமிளகாய், பெருங்காயம், உப்போடு தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். தட்டையாகத் தட்டித் துணி மேல் வைத்து 12 முதல் 15 நிமிடம். நன்றாக ஆறிய பிறகு உதிருங்கள். சூட்டில் உதிர்த்தால் களி போலாகிவிடும். இதை வெந்த பீன்ஸ் அல்லது கொத்தவரங்காயோடு புரட்டினால் உசிலி. வழக்கமாக எண்ணெயை நிறைய ஊற்றி வதக்குவார்கள். பருப்பு சரியாக ஆறியிருந்தால் இரண்டு தேக்கரண்டியில் உதிரியாக வந்துவிடும்.

முட்டையை ஓட்டோடு ஆவியில் 12 நிமிடம் வைத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் ஓடு அழகாகக் கழன்றுவரும். எண்ணெய் தடவிய இட்லிக் குழியில் உடைத்து ஊற்றி, நறுக்கிய சின்ன வெங்காயம், மிளகுத்தூள் தூவி 8 நிமிடம் வைத்தால் ஆம்லெட்டுக்கு நல்ல மாற்று. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளும் இதை எடுத்துக்கொள்வார்கள்.

மீனுக்கு வஞ்சிரம், பாறை, கொடுவா போல சதைப்பற்று உள்ளதாக, 2 செ.மீ. கனத்தில் துண்டு போடச் சொல்லுங்கள். தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, மல்லித்தழை, உப்பு அரைத்துத் தடவி, மேலே எலுமிச்சை பிழிந்து கால் மணி நேரம் வையுங்கள். வாழை இலையைத் தணலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. பொட்டலமாக மடித்து 10 முதல் 12 நிமிடம். சதை முழுக்க வெள்ளையாகி, முள்கரண்டியால் தொட்டதும் ஏடு ஏடாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. அதற்கு மேல் வைத்தால் மீன் வறண்டு நார் போலாகும். அடுக்குத் தட்டில் மீனோடு காயும் வைக்கிறீர்கள் என்றால் மீன் எப்போதும் கீழ்த்தட்டில்தான். பச்சை மீனின் நீர் காயில் சொட்டக் கூடாது.

ஆவிக்கு ஒத்துவராதவை

மரவள்ளிக்கிழங்கை ஆவியில் வைக்காதீர்கள். அதில் சயனைடு வெளியிடும் பொருள் இயல்பாகவே இருக்கிறது. தோலை நீக்கி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுவதுதான் பாதுகாப்பு. ராஜ்மாவும் இப்படித்தான். இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதித்து வேக வேண்டும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி வரும். சேனைக்கிழங்கு நாக்கில் அரிக்கும் என்பதால் புளித் தண்ணீரில் வேகவைப்பதே நல்லது.

ஒரு பானை, நான்கு பேருக்கு இரவுச் சாப்பாடு

சாமை இட்லி, பீன்ஸ் உசிலி, கேரட், சாம்பார். இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

பருப்பை மாலையிலேயே ஊறவைத்திருப்பீர்கள். ஏழு மணிக்குப் பானையில் தண்ணீர் ஊற்றி, நாணயத்தைப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். அது சூடாவதற்குள் பருப்பை அரைத்துத் தட்டி, கேரட், பீன்ஸ் நறுக்கிவிடலாம். பக்கத்து அடுப்பில் சாம்பார் ஆகட்டும். ஆவி வந்ததும் கீழ்த்தட்டில் பருப்பு. ஏழு நிமிடம் கழித்து மேல்தட்டில் கேரட், இரண்டு நிமிடம் கழித்து அதே தட்டின் மறுபாதியில் பீன்ஸ். அடுத்த ஆறு நிமிடத்தில் மூன்றையும் சேர்த்தே இறக்கலாம். தண்ணீர் குறைந்திருந்தால் கெட்டிலிலிருந்து கொதிநீர் ஊற்றி, இட்லித் தட்டை உள்ளே வையுங்கள். இட்லி வேகும் அந்தப் பத்து நிமிடத்தில் பருப்பு ஆறிவிடும். உதிர்த்துத் தாளித்துப் பீன்ஸோடு புரட்டுங்கள். கேரட்டுக்கு உப்பு, எலுமிச்சை, மல்லித்தழை போதும்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் இட்லித் துணியை உடனே தண்ணீரில் ஊறப் போடுங்கள், காய்ந்தால் மாவு விடாது. பானையைக் கவிழ்க்கும்போது நாணயத்தையும் சேர்த்துக் கொட்டிவிடாமல் எடுத்துத் துடைத்து, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.